மணிபிளான்ட்டா, ஃபிலோடென்ட்ரானா? ஒன்றுபோல் தெரியும் வீட்டுச்செடிகள்: ஓர் ஒப்பீடு

வீட்டுக்குள் வளர்க்கிற வெப்பமண்டலச் செடிகளில் குழப்பம் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஃபிலோடென்ட்ரான் என்று வாங்கி வந்தது மணிபிளான்ட்டாக இருக்கும். "மினி மான்ஸ்டெரா" என்று சீட்டு ஒட்டியிருப்பது மான்ஸ்டெராவே இல்லை. இலையை மட்டும் பார்த்துத் தீர்மானிப்பதால் வரும் வினை இது. செடியின் வயது, வெளிச்சம், பற்றி ஏறக் கொம்பு கிடைத்ததா என்பதையெல்லாம் பொறுத்து இலையின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். காம்பு, கணு, புதுத்தளிர் வெளிவரும் விதம், மண்ணுக்குள் இருக்கும் பகுதி ஆகியவை அவ்வளவு சுலபத்தில் ஏமாற்றாது. அங்கே பார்த்தால் செடி எது என்பதோடு, அதை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் ஓரளவு பிடிபட்டுவிடும். அடிக்கடி குழப்பும் செடிகளை அப்படி அருகருகே வைத்துப் பார்ப்போம்.

மணிபிளான்ட்டும் இதய இலை ஃபிலோடென்ட்ரானும்

இரண்டுமே தொங்கும் கொடி, இரண்டுக்குமே இதய வடிவ இலை. ஆனால் ஊர் வேறு. மணிபிளான்ட் பசிபிக் கடலில் உள்ள மோரியா என்ற சிறு தீவைச் சேர்ந்தது. ஃபிலோடென்ட்ரான் நடு அமெரிக்கா, கரீபியன், தென் அமெரிக்கா பக்கத்துச் செடி.

பிரித்தறிய எளிய வழி, இலைக்காம்பின் மேல்பக்கம் விரலை ஓட்டிப் பார்ப்பது. மணிபிளான்ட் காம்பில் ஒரு பள்ளம் ஓடும். ஃபிலோடென்ட்ரான் காம்பு வழவழவென்று உருண்டையாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையா? கொடியின் நுனியைப் பாருங்கள். மணிபிளான்ட்டில் புது இலை, முந்தைய இலைக்காம்பின் மடிப்பிலிருந்தே சுருண்டபடி வெளியே வரும். ஃபிலோடென்ட்ரானில் ஒவ்வொரு தளிரையும் ஒரு மெல்லிய தனி உறை மூடியிருக்கும். இலை விரிந்ததும் அது பழுப்பாகக் காய்ந்து சில நாள் ஒட்டிக்கொண்டிருந்து உதிரும். இந்தக் காய்ந்த சருகு கண்ணில் பட்டாலே அது மணிபிளான்ட் இல்லை என்று சொல்லிவிடலாம். அப்புறம் கணுவில் வரும் வேர்: மணிபிளான்ட்டில் பெரும்பாலும் தடித்த ஒற்றை முடிச்சு, ஃபிலோடென்ட்ரானில் மெல்லிய பல வேர்கள். தொட்டுப் பார்த்தால் மணிபிளான்ட் இலை மெழுகு பூசியதுபோல் தடிப்பாகவும், மற்றது மெலிதாகவும் மென்மையாகவும் இருக்கும்.

இந்தச் செடியில் தாவரவியல் வல்லுநர்களே தடுமாறியிருக்கிறார்கள் என்பது ஒரு ஆறுதல். மணிபிளான்ட்டுக்கு 1880-ல் போத்தோஸ் பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார்கள். பேரினத்தை உறுதிசெய்யப் பூ வேண்டும். இதுவோ அநேகமாகப் பூப்பதே இல்லை. 1962-ல் அபூர்வமாகக் கிடைத்த ஒரு பூவைப் பார்த்து வேறு பேரினத்துக்கு மாற்றினார்கள். கூடுதலாக ஆராய்ந்த பிறகு 1964-ல் எபிப்ரெம்னம் என்ற பேரினத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஏன் பூப்பதில்லை என்பதற்கு 2016-ல் வெளியான ஓர் ஆய்வு விடை சொன்னது: ஜிப்பரெலின் என்ற வளர்ச்சி ஹார்மோனைச் செய்ய வேண்டிய மரபணு ஒன்று இதில் சரிவர வேலை செய்வதில்லை. அந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தபோது செடி பூத்தது.

பராமரிப்பில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேல்மண் இரண்டு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர், அடியில் ஓட்டையுள்ள தொட்டி, நேர் வெயில் படாத வெளிச்சம். இவ்வளவு போதும். வெட்டிப் பெருக்குவதும் இரண்டிலும் ஒரே மாதிரிதான். கணுவோடு வெட்டி நீரில் வைக்க வேண்டும். கணு இல்லாத வெறும் இலையிலிருந்து புதுக்கொடி கிளம்பாது. வித்தியாசம் வெளிச்சம் குறைந்த இடத்தில்தான் தெரியும். மணிபிளான்ட் இலையின் மஞ்சள், வெள்ளைப் பகுதிகளில் பச்சையம் குறைவு. மங்கலான மூலையில் வைத்தால் புதிதாக வரும் இலைகள் நிறம் இழந்து வெறும் பச்சையாகிவிடும். சாதாரணப் பச்சை ஃபிலோடென்ட்ரானுக்கு இழக்க எதுவும் இல்லை. நிழலான அலமாரிக்கு ஃபிலோடென்ட்ரான், ஜன்னல் ஓரத்துக்கு வண்ண இலை மணிபிளான்ட் என்பது என் தேர்வு.

மணிபிளான்ட்டைத் தோட்டத்து மரத்தில் ஏற்றிவிட நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பற்றி ஏறினால் இதன் இலை ஒரு மீட்டர் நீளம்கூட வளர்ந்து, ஓரம் கிழிந்து, மான்ஸ்டெராவோ என்று நினைக்க வைக்கும். ஹவாய், ஃபுளோரிடா போன்ற இடங்களில் காட்டுக்குள் புகுந்து மற்ற செடிகளை மூடிவிடுகிற களையாகவே மாறியிருக்கிறது. வெட்டிய கொடியை வெளியே வீசாதீர்கள்.

இந்தக் கூட்டத்தில் மூன்றாவதாக ஒன்று நுழையும்: சாட்டின் போத்தோஸ் என்று விற்கப்படும் சிண்டாப்சஸ். பளபளப்பில்லாத இலையில் வெள்ளித் திட்டுகள் இருந்தால் அதுதான். தாகம் எடுத்தால் இலை உள்பக்கமாகச் சுருளும். அதைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றினாலே போதும்.

மான்ஸ்டெராவும் அதன் பெயரில் விற்பவையும்

மான்ஸ்டெரா டெலிசியோசா தெற்கு மெக்சிகோவிலிருந்து பனாமா வரையுள்ள காடுகளின் செடி. மினி மான்ஸ்டெரா என்று விற்கப்படும் ராஃபிடோஃபோரா டெட்ராஸ்பெர்மா, தெற்குத் தாய்லாந்து, மலேசியா காடுகளைச் சேர்ந்தது. ஒரே குடும்பம்தான், ஆனால் பேரினம் வேறு.

மான்ஸ்டெராவின் இளம் இலையில் ஓட்டையும் இருக்காது, கிழிசலும் இருக்காது. முழு இதய வடிவம். இதைப் பார்த்துத்தான் "தவறான செடி கொடுத்துவிட்டார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். செடி வளர வளர முதலில் ஓரக் கிழிசல், பிறகு நடுநரம்பை ஒட்டிச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரும். வளர்ந்த செடியில் இலையும் காம்பும் சேரும் இடத்தில் சுருக்கம் விழுந்த ஒரு மடிப்பு தெரியும். ராஃபிடோஃபோரா சிறு வயதிலேயே கிழிந்த இலை போடும், ஆனால் நடுநரம்பை ஒட்டிய ஓட்டைகளும் அந்தச் சுருக்க மடிப்பும் வராது. தண்டும் மெலிது. ஓட்டைகள் இலை விளிம்பைத் தொடாமல் உள்ளுக்குள்ளேயே மூடியிருந்தால் அது மான்ஸ்டெரா அடன்சோனி. இலை மெலிதாக இருப்பதால் வறண்ட காற்றை அவ்வளவாகத் தாங்காது.

நான்காவது ஒன்றும் உண்டு. தண்டு நேராக நின்று, உதிர்ந்த இலைகளின் தழும்பு கண் கண்ணாகத் தெரிந்து, இலை ஓரம் அலையலையாக வெட்டுப்பட்டிருந்தால் அது முன்பு ஃபிலோடென்ட்ரான் செல்லோம் எனப்பட்ட செடி. 2018-ல் அதை தாமட்டோஃபில்லம் என்ற தனிப் பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். சீட்டுகள் இன்னும் மாறவில்லை.

இலையில் ஓட்டை ஏன்? 2013-ல் வெளியான ஓர் ஆய்வு தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது. அடர்ந்த காட்டின் அடியில் வெயில் அங்கங்கே துண்டு துண்டாகத்தான் விழும். அதே அளவு இலைத்திசுவை ஓட்டைகளோடு அகலமாக விரித்தால், அந்த வெயில் துண்டுகளில் ஏதாவது ஒன்று மேலே படுகிற வாய்ப்பு சீராக இருக்கும். வீட்டில் நடப்பது வேறு கதை. மங்கலான அறையில் வைத்த செடி முதிர்ச்சிக்கே வராமல் முழு இலையாகப் போட்டுக்கொண்டிருக்கும். ஓட்டை வேண்டுமென்றால் ஜன்னலுக்குப் பக்கத்தில் வையுங்கள், ஏறுவதற்குக் கம்பம் கொடுங்கள். உரத்தைக் கூட்டிப் பயனில்லை. காற்றில் தொங்கும் வேர்களை வெட்டாமல் கம்பத்திலோ தொட்டி மண்ணிலோ திருப்பிவிடலாம்.

எதை வாங்குவது? மான்ஸ்டெரா பக்கவாட்டில் ஒரு மீட்டருக்கு மேல் விரியும். சின்ன அறையில் அது ஒரு நாற்காலியின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் குறைவானவர்களுக்கு ராஃபிடோஃபோராதான் சரி. குறுகலாக, மேல்நோக்கி, வேகமாக ஏறும். அவ்வப்போது நுனியை வெட்டத் தயாராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளை கலந்த மான்ஸ்டெராவுக்கு ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். "ஆல்போ" வகையில் வெள்ளை நிலையானது இல்லை; ஒரு கொடி முழுப் பச்சையாகவோ முழு வெள்ளையாகவோ திரும்பிவிடலாம். முழு வெள்ளை இலையால் உணவு தயாரிக்க முடியாது. ஆய்வகத் திசு வளர்ப்பில் உருவான "தாய் (Thai) கான்ஸ்டெலேஷன்" அந்த விஷயத்தில் நம்பகமானது.

ஸ்நேக் பிளான்ட்டும் ஸீஸீ பிளான்ட்டும்

இவற்றைப் பார்த்துக் குழம்ப வழியில்லை. ஒன்று வாள் வாளாக நிமிர்ந்த இலை, இன்னொன்று வரிசை வரிசையாகப் பளபளக்கும் சிற்றிலைகள். குழப்பம், "கவனிக்காவிட்டாலும் சாகாத செடி" போட்டியில் எது முதல் என்பதில்தான்.

ஸ்நேக் பிளான்ட் மேற்கு ஆப்பிரிக்கச் செடி. பல காலமாக சான்செவீரியா என்றிருந்ததை இப்போது டிராசீனாவில் சேர்த்துவிட்டார்கள். வெயில் நேரத்தில் நீர் ஆவியாகாமலிருக்க இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமிக்கும். ஸீஸீ பிளான்ட் கென்யாவிலிருந்து தென்னாப்பிரிக்கா வரையுள்ள கிழக்குப் பகுதியில் வளர்வது. மண்ணுக்குள் உருளைக்கிழங்கு போன்ற கிழங்கில் நீரைச் சேர்த்துவைக்கும். இதில் தண்டு என்று நாம் நினைப்பது தண்டே இல்லை. சிற்றிலைகளோடு சேர்ந்த அந்த முழுக் குச்சியும் ஒரே இலை.

ஆக, இரண்டையும் கொல்வது தண்ணீர்தான். தொட்டி மண் அடிவரை காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஸ்நேக் பிளான்ட் இலை அடியில் கொழகொழத்துச் சாய்ந்தாலும், ஸீஸீயின் சிற்றிலைகள் கொத்தாக மஞ்சளானாலும் முதல் சந்தேகம் அழுகல் மேல் விழட்டும். வெயிலைப் பொறுத்தவரை ஸ்நேக் பிளான்ட் படிப்படியாகப் பழக்கினால் நேர் வெயிலையும் தாங்கும், ஸீஸீ கருகும். இருட்டு மூலைக்கு நான் ஸீஸீயைச் சொல்வேன், ஊர் ஊராகப் போகிறவர்களுக்கும் அதையேதான். பெருக்குவதில் மட்டும் அது பொறுமையைச் சோதிக்கும்: சிற்றிலையைக் கிள்ளி நட்டால் கிழங்கு பிடிக்கவே மாதக்கணக்காகும். ஸ்நேக் பிளான்ட்டில் மஞ்சள் கரை போட்ட வகையை இலைத்துண்டிலிருந்து வளர்த்தால் கரை போய்விடும். கரை வேண்டுமானால் கிழங்கோடு பிரித்து நட வேண்டும்.

ஸ்நேக் பிளான்ட் இரவில் ஆக்ஸிஜன் தருகிறது என்று பகிரப்படுவது சரியில்லை. இரவில் அது உள்ளிழுப்பது கரியமில வாயு. ஆக்ஸிஜன் வெளிவரும் வேலைக்கு வெளிச்சம் வேண்டும், அது பகலில்தான் நடக்கும். "நாசாவே சொன்னது" என்ற காற்றுச் சுத்திகரிப்புக் கதையும் அப்படித்தான். 1989-ல் வெளியான அந்த ஆய்வு மூடிய சிறு அறைகளில் நடந்தது. பல ஆய்வுகளைத் திரும்பக் கணக்கிட்ட 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றின்படி, ஒரு கட்டடத்தில் இயல்பாக நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக வேண்டுமென்றால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 செடிகள் வரை தேவை. ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.

பூவுக்காக: பீஸ் லில்லியும் ஆந்தூரியமும்

இரண்டிலும் பூவிதழ் போலத் தெரிவது உண்மையில் ஒரு மாறிய இலை. பீஸ் லில்லியில் அது வெள்ளையாக, மெலிதாக இருந்து வயதானால் பச்சையாகும். ஆந்தூரியத்தில் மெழுகுப் பளபளப்போடு, பெரும்பாலும் சிவப்பிலோ இளஞ்சிவப்பிலோ வாரக்கணக்கில் நிற்கும்.

வேரைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். வீட்டு ஆந்தூரியத்தின் மூதாதையர்கள் கொலம்பியா, ஈக்வடார் காடுகளில் மரத்தின் மேலேயே தொற்றி வளர்பவை. தடித்த வேர்களுக்குக் காற்று வேண்டும் என்பதால் மரப்பட்டைத் துண்டு, பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைக் கல்துகள்) கலந்த பொலபொலப்பான கலவை அவசியம். வெறும் தோட்டமண்ணில் மூச்சுமுட்டி அழுகும். பீஸ் லில்லிக்கு ஈரம் தங்கும் மண் பிடிக்கும். தாகமெடுத்தால் மொத்தமாகத் தொய்ந்து விழும், ஊற்றினால் சில மணி நேரத்தில் எழுந்துவிடும். இலை நுனி பழுப்பாவதற்கு உப்பு அல்லது ஃபுளோரைடு மிகுந்த தண்ணீர் ஒரு காரணம், மழைநீர் நல்லது.

கடையில் பூத்துக் குலுங்கிய பீஸ் லில்லி வீட்டுக்கு வந்தபின் பூக்கவில்லை என்ற குறைக்கும் காரணம் உண்டு. மணிபிளான்ட் கதையில் வந்த அதே ஜிப்பரெலினைத் தெளித்துப் பூக்க வைத்து விற்பது பண்ணைகளில் வழக்கம். வீட்டில் அது இயல்பாகப் பூக்க நல்ல வெளிச்சமும் காலமும் பிடிக்கும். பூதான் முக்கியம் என்றால், வெளிச்சமான இடமும் இருந்தால், ஆந்தூரியம்.

டிஃபன்பேக்கியாவும் அக்லோனிமாவும்

கரும்பு போலக் கணுத் தழும்போடு உயரும் தடித்த தண்டு, அகன்ற இலை என்றால் டிஃபன்பேக்கியா. அடியிலிருந்தே புதராகக் கிளம்பும் குறுகலான தடித்த இலை என்றால் அக்லோனிமா. அக்லோனிமாவில் பச்சை வகை மங்கல் வெளிச்சத்துக்குப் பழகும், சிவப்பு வகைக்குக் கூடுதல் வெளிச்சம் தேவை. 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அக்லோனிமா வாடும். ஏ.சி. காற்று நேராகப் படும் இடம் வேண்டாம். இரண்டில் நான் அக்லோனிமாவையே எடுப்பேன். காரணம், டிஃபன்பேக்கியாவைக் கடித்தால் வாயும் நாக்கும் வலியோடு வீங்கும்.

அந்த எரிச்சலுக்குக் காரணமான ஊசி போன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் இங்கே பேசிய செடிகளில் ஸ்நேக் பிளான்ட் தவிர எல்லாவற்றிலும் உண்டு. ஸ்நேக் பிளான்ட்டில் இருப்பது சபோனின் என்ற வேதிப்பொருள். தின்றால் பூனை, நாய்க்கு வாந்தி வரலாம். பீஸ் லில்லி பூனையின் வாயை எரிக்கும், ஆனால் அது அசல் லில்லி இல்லை. அசல் லில்லியோ பூனையின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும். இந்த இரண்டைக் குழப்பிக்கொள்வதுதான் உண்மையில் ஆபத்தான குழப்பம்.

தவழும் குழந்தையோ கடிக்கும் பூனையோ உள்ள வீட்டில் கலாத்தியா, பெப்பரோமியா, ஸ்பைடர் பிளான்ட், அரிகா பாம் ஆகியவற்றிலிருந்து எடுக்கலாம். இவை பூனை, நாய்க்கு நஞ்சில்லை. இவற்றில் கலாத்தியா மட்டும் தண்ணீரிலும் காற்றின் ஈரப்பதத்திலும் செல்லம் கொஞ்சும். முதல்முறை வளர்ப்பவர்கள் பெப்பரோமியாவிலோ ஸ்பைடர் பிளான்ட்டிலோ தொடங்கலாம்.