மூன்றடி மீன் தொட்டியை பிரேம் கடையில் வாங்கிய அனுபவம்

மயிலாடுதுறைப் பக்கம் புதிதாக மீன் தொட்டி வைக்க நினைப்பவர்கள் நேராக வண்ண மீன் கடைக்குத்தான் போவார்கள். அதற்கு முன்னால் ஒரு நடை கண்ணாடிக் கடைக்குப் போய்விட்டு வாருங்கள் என்பேன். சாமி படத்துக்கு பிரேம் போட்டு, ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டித் தருகிற அதே கடைதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் நிற்கும் தொட்டி அப்படி ஒரு கடையில் ஒட்டி வாங்கியது. சில வருடமாக ஓடுகிறது. குறை இல்லாமல் இல்லை, அதையும் சொல்கிறேன்.

வாங்குவதற்கு முன் எல்லா வழியையும் பார்த்தாகிவிட்டது. ஆன்லைனில் வரவழைத்த சின்னத் தொட்டி மூலை விரிந்து வந்தது. பணம் திரும்பக் கிடைத்தது, ஆனால் போட்டோ எடுத்து அனுப்பியே அலுத்துப்போனேன். கொளத்தூர் போனால் இல்லாத மீனே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து 250 கிலோமீட்டர் கண்ணாடியைக் கட்டி எடுத்து வருவது வேண்டாத வேலை. மீனும் மோட்டாரும் வாங்க அது நல்ல இடம், தொட்டிக்கு அல்ல.

கும்பகோணத்தில் மச்சான் வீட்டில் ரெடிமேட் செட் இருக்கிறது. முன்பக்கம் வளைந்த கண்ணாடி, மூடியிலேயே விளக்கு, பின்னால் மறைவாக பில்டர். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மூடி, விளக்கு, மோட்டார் எல்லாம் அந்த ஒரு தொட்டிக்கென்றே அளந்து செய்தவை. மோட்டார் போனபோது அதே அளவு எங்கேயும் கிடைக்கவில்லை. இப்போது அழகான அந்த மூடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, சாதாரண ஸ்பாஞ்ச் பில்டரை உள்ளே போட்டு ஓட்டுகிறார். கொடுத்த விலை அந்த மூடிக்குத்தான் பாதி என்று அக்கா அவ்வப்போது குத்திக் காட்டுவது தனி.

உள்ளூர் வண்ண மீன் கடையில் 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி தயாராக இருந்தது. விலையும் பரவாயில்லை. விளிம்பில் ஸ்கேல் வைத்துப் பார்த்தால் கண்ணாடி 5 மி.மீ. ஒன்றரை அடி உயரத்துக்கு அது போதாது. கண்ணாடிக் கடைக்காரரிடம் இதைச் சொன்னதும் சிரித்துவிட்டு, “தம்பி, நீளத்தை எவ்வளவு வேணும்னாலும் கேளுங்க, உயரத்த மட்டும் கூட்டாதீங்க” என்றார். விஷயம் அதேதான். தண்ணீர் கண்ணாடியை அழுத்துவது ஆழத்தைப் பொறுத்தது. ஓரடி உயரத்துக்கு 5 அல்லது 6 மி.மீ. தாங்கும், ஒன்றரை அடிக்கு 8 மி.மீ., இரண்டடிக்குப் போனால் 10 அல்லது 12 என்று கணக்குப் போடவேண்டும். உயரம் குறைந்து நீளமும் அகலமும் கூடினால் மீனுக்கும் நல்லது, காற்றுபடும் பரப்பு கூடும். கடைகளில் நெட்டையாக நிற்கும் தொட்டிகள் ஆட்களுக்காகச் செய்தவை, மீனுக்காக அல்ல.

8 மி.மீ. கண்ணாடி, விளிம்பெல்லாம் மெஷின் பாலிஷ், மேலே நீளவாக்கில் இரண்டு பட்டை. இவ்வளவுதான் கேட்டேன். சிலிகானை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சரி என்றேன். பாத்ரூம் ஓரத்துக்குப் பூஞ்சைத் தடுப்பு மருந்து சேர்த்து விற்கிற வகை மீனுக்கு ஆகாது. மருந்து கலக்காத சாதாரண சிலிகான் ஒட்டும்போது வினிகர் மாதிரி புளித்த நெடி அடிக்கும். அந்த நெடி முழுக்கப் போகும்வரை தண்ணீர் ஊற்றக்கூடாது. அவர் ஒரு வாரம் கடையிலேயே காயவிட்டு, கொல்லைப்பக்கம் வைத்து விளிம்புவரை தண்ணீர் நிரப்பிக் காட்டிவிட்டுத்தான் குட்டி யானையில் ஏற்றினார். வெறும் கண்ணாடியே முப்பது கிலோவைத் தாண்டும். விலை, மீன் கடைத் தொட்டியைவிடக் கொஞ்சம் அதிகம், மச்சானின் ரெடிமேட் செட்டில் பாதிகூட இல்லை.

ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் ஆங்கிளில் அடித்துக்கொண்டேன். கொஞ்சம் குறைத்து ஊற்றினாலும் 170 லிட்டர் தண்ணீர், அதாவது 170 கிலோ. மணலும் கல்லும் அதற்கு மேல். எங்கள் பழைய வீட்டுத் தரை கண்ணுக்குத் தெரியாமல் வாசலைப் பார்த்துச் சரிந்திருந்தது. கொத்தனாரிடம் ரசமட்டம் வாங்கி வைத்துப் பார்த்துத்தான் அது தெரிந்தது. காலுக்கடியில் தகடு கொடுத்துச் சமன் செய்து, மேலே பிளைவுட், அதன்மேல் தெர்மாகோல், அப்புறம்தான் தொட்டி. உள்ளே போட்டது பக்கத்தில் வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல், சலித்து, கலங்கல் போகும்வரை அலசியது.

இனி குறைகள். கண்ணாடியிலேயே லேசாகப் பச்சை நிறம் ஓடும், பக்கவாட்டில் பார்த்தால் நன்றாகத் தெரியும். மூலைகளில் சிலிகான் கோடு ஒரே சீராக இல்லை. ஒரு மழைக்காலத்தில் கீழ்மூலையில் ஈரம் கசிந்தது. துடைத்துவிட்டு அரைமணி கழித்துப் பார்த்தால் மறுபடி ஒரு சொட்டு நிற்கும். போன் போட்டதும் மறுநாள் காலை கண்ணாடிக் கடைக்காரரே பிளேடும் சிலிகான் துப்பாக்கியுமாக வந்தார். காய்ந்த சிலிகான்மேல் புதுசு பிடிக்காது என்பதால் அந்த ஓரத்தை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஒட்டினார். அதுவரை மீன்களை எங்கே விடுவது? பாட்டியின் பித்தளை அண்டா பரணில் சும்மா இருந்தது. பித்தளையில் செம்பு இருக்கிறது, செம்பு மீனுக்கு விஷம். பிளாஸ்டிக் டிரம்மில் ஏர் பம்ப் போட்டு ஒரு வாரம் ஓட்டினோம். காசு என்று கேட்டதற்கு சிலிகான் விலையை மட்டும் வாங்கிக்கொண்டார். நான் கண்ணாடிக் கடையைச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். ரெடிமேட் செட் கசிந்திருந்தால் யாரைக் கூப்பிடுவது?

எங்கள் போர் தண்ணீர் கடினமானது. தண்ணீர் மட்டத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகக் கோடு கட்டும். கண்ணாடி என்பதால் பிளேடால் வழித்து வினிகரில் துடைத்தால் போய்விடும், அக்ரிலிக்காக இருந்தால் கீறல் விழுந்திருக்கும். பிளேடு சிலிகானைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தத் தண்ணீருக்கு மோலி, கப்பி, பிளாட்டி நன்றாக வருகின்றன. நியான் டெட்ரா, டிஸ்கஸ் பக்கம் நான் போகவில்லை. முதல் மாதம் நாலே நாலு மோலிதான் விட்டேன். மீன் கழிவின் அமோனியாவைத் தின்னும் பாக்டீரியா பில்டரில் வளர நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். தொட்டி எங்கே வாங்கினாலும் அன்றைக்கே இருபது மீனைத் தலையில் கட்டும் கடையில் மீன் வாங்காதீர்கள். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் விரால் குஞ்சு பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். ஆசையாக வாங்கி விட்டுவிட வேண்டாம், அது வளர்ந்தால் தொட்டியில் அது மட்டும்தான் இருக்கும்.

சித்திரை வெயிலில் சின்ன பேன் ஒன்றைத் தண்ணீர்மேல் வீசுகிற மாதிரி வைப்பேன், இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம் வேண்டும்.

இப்போது திருத்துறைப்பூண்டியில் தங்கை தொட்டி கேட்கிறாள். முதல்முறை என்பதாலும் வாடகை வீட்டு மாடி என்பதாலும் இரண்டடி நீளம், அகலமும் உயரமும் ஓரடி போதும் என்று சொல்லியிருக்கிறேன், 55 லிட்டர் சுமார் பிடிக்கும். கண்ணாடிக் கடையை அங்கேயே பார்க்கச் சொல்லிவிட்டேன். பம்பும் விளக்கும் அடுத்த தடவை சென்னை போகும்போது நான் வாங்கி வருவதாகப் பேச்சு.