பேஸ்மென்டில் ஹோம் தியேட்டர் போடுகிறவர்கள் பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

6,800 டாலர். திட்டம் வரைந்து, சுவருக்குள் வயர் இழுத்து, ஸ்பீக்கரும் திரையும் மாட்டித் தருவதற்கு மட்டும் இவ்வளவு. சாதனங்களுக்குத் தனியாகக் கொடுத்தேன். ஏமாந்திருக்கிறேன் என்பது நேற்று ராத்திரிதான் முழுதாகப் புரிந்தது.

கனடாவில், பிராம்ப்டனில் எங்கள் வீட்டு பேஸ்மென்ட் (தரைக்குக் கீழே இருக்கும் தளம்) 18 அடி நீளம், 12 அடி அகலம். கூரை 7 அடி உயரம்தான். குறுக்கே போகும் ஹீட்டிங் டக்ட்டுக்குக் (சூடான காற்று போகும் குழாய்) கீழே 6 அடி 5 அங்குலம். ஊரிலிருந்து அப்பா வந்திருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். இந்தக் குளிரில் வெளியே போக முடியாதவர், கீழே உட்கார்ந்து நிம்மதியாகப் படம் பார்க்கட்டும் என்றுதான் இறங்கினேன்.

ஹோம் தியேட்டர் அமைத்துத் தரும் ஒரு சின்னக் கடை. வந்தவர் நம்ம ஆள். லேசர் மீட்டர் வைத்து அளந்தார், அறை நடுவில் நின்று கை தட்டி எதிரொலி கேட்டார். அப்புறம் காபியைக் குடித்துக்கொண்டே, "அண்ணா, என் வீடு மாதிரி நினைச்சுப் பண்ணித் தரேன். உங்கப்பா எனக்கும் அப்பா மாதிரி" என்றார். அதோடு சரி, வேறு யாரிடமும் விலைகூடக் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே கையெழுத்துப் போட்டு, முழு 6,800 டாலரையும் இ-டிரான்ஸ்ஃபரில், அதாவது வங்கிக் கணக்கிலிருந்து நேராக, அனுப்பினேன்.

வேலை முடிந்து ட்ரைவால் (சுவரை மூடும் பலகை) மூடி, பெயின்டும் அடித்தாகிவிட்டது. முதல் படம் போட்ட அன்று அப்பா பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "பேசுறது மேலேருந்து வருதுப்பா, ஒண்ணும் புரியலை" என்றார். படத்தில் பேச்சு பெரும்பாலும் சென்டர் ஸ்பீக்கரில்தான் வரும். அது திரைக்குக் கீழேயோ மேலேயோ ஒட்டினாற்போல், காதைப் பார்த்து இருக்க வேண்டும். இவர்கள் கூரையில் ஓட்டை போட்டுத் தரையைப் பார்த்து மாட்டியிருக்கிறார்கள். திரைக்குக் கீழே 20 அங்குலம் சும்மா கிடக்கிறது, ஆனால் அங்கே வயர் இல்லை.

பக்கவாட்டுச் சத்தம் தரும் சரவுண்ட் ஸ்பீக்கர்கள் காதுக்கு நேர் பக்கத்தில் அல்லது சற்றுப் பின்னால், திரையைப் பார்க்கும் திசையிலிருந்து 90 முதல் 110 டிகிரிக்குள் வர வேண்டும். எங்களுக்கு அவை ஐந்தடி முன்னால் நிற்கின்றன. ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) இருக்கும் அறையின் கதவு திறக்க இடம் விட வேண்டியிருப்பதால் சோஃபா பின்சுவரோடு ஒட்டிவிட்டது. அங்கே பேஸ் (கனத்த, தாழ்ந்த சத்தம்) குமுறுகிறது. ப்ரொஜெக்டர் வெளிச்சம் டக்ட்டில் இடித்து, 120 அங்குலப் படத்தின் மேல் பக்கம் நிழல் விழுந்தது. குழாய் வைத்து ப்ரொஜெக்டரை 6 அடிக்கு இறக்கி, கோணலாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் வசதியைப் போட்டுச் சமாளித்தார்கள். படத்தின் கூர்மை போய்விட்டது.

போன் செய்தேன். முதலில், "ஸ்பீக்கர் ஓடி ஓடித்தான் பழகும், ரெண்டு வாரம் பொறுங்க." அப்புறம், "ரிசீவர்ல கேலிப்ரேஷன் போடுங்க." போட்டேன். ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி) மைக் வைத்து அளப்பதுதான் கேலிப்ரேஷன்; அது சத்தத்தையும் தாமதத்தையும் சரிசெய்யும், கூரையில் இருக்கும் ஸ்பீக்கரைச் சுவருக்குக் கொண்டுவராது. அதற்கப்புறம் வேறு ஒருவர் எடுத்து, "அவர் சைட்டில் இருக்கார்" என்றார். கடைசியாக வந்த பதில்: திருப்பிச் செய்ய 2,400 டாலர் ஆகும்.

நேற்று ராத்திரி அவர்கள் கொடுத்த வரைபடத்தை முதல் முறையாக ஒழுங்காகப் பார்த்தேன். மூலையில் சின்ன எழுத்தில் கூரை உயரம் 9 அடி என்று இருக்கிறது. டக்ட்டே இல்லை, ஃபர்னஸ் கதவும் இல்லை. அது என் வீடே இல்லை! யாருக்கோ போட்ட படத்தை எனக்கு விற்றிருக்கிறார். அந்த வீட்டில் திரைக்கு மேலே சென்டர் வைக்கச் சுவரில் இடம் இருந்திருக்கும். இங்கே இல்லாததால் கூரையை வெட்டிவிட்டார்கள். லேசர் மீட்டரில் எடுத்த அளவெல்லாம் எங்கே போனது? கேட்டு மெசேஜ் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

அவசரமாகச் சொல்கிறேன். வரைபடத்தில் உங்கள் வீட்டு டக்ட், கதவு, கூரை உயரம் மூன்றும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சோஃபா இடத்தை முடிவு செய்யாமல் ஸ்பீக்கருக்கு ஓட்டை போட விடாதீர்கள். ட்ரைவால் மூடும் முன் ஒவ்வொரு வயரையும் போட்டோ எடுங்கள். முழுப் பணமும் முன்னாடியே வேண்டாம், இ-டிரான்ஸ்ஃபர் வேண்டவே வேண்டாம், கிரெடிட் கார்டில் கொடுங்கள். பிராம்ப்டன் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை, அதன் நகல் கைக்கு வந்த 10 நாளுக்குள் ரத்து செய்யலாம். எனக்கு இது தெரிந்தபோது ஏழு வாரம் ஆகியிருந்தது.

6,800 டாலர் கொடுத்தும், அப்பா மாடியில் என் லேப்டாப்பில் ஹெட்போன் போட்டுத்தான் படம் பார்க்கிறார்.