கடைக்கு இலவசப் பக்கம் என்று யார் வந்தாலும் போனைக் கையில் கொடுக்காதீர்கள்

வேலூர் சத்துவாச்சாரியில் பதினேழு வருடமாகத் தையல் கடை நடத்துகிறேன். சென்ற ஆடி மாதம் என் போனிலிருந்து இருநூறு பேருக்கு நான் அனுப்பாத செய்தி ஒன்று போயிருக்கிறது. என் வங்கிக் கணக்கிலிருந்து 999 ரூபாயும் போயிருக்கிறது. பணத்தை விடுங்கள், ஆரி என்கிற ஊசிப் பூவேலை செய்த ரவிக்கை இரண்டு முடித்தால் வந்துவிடும். ஆனால் அந்த இருநூறு பேரில் பலருக்கு நடந்தது என்னவென்று இன்றுவரை தெரியாது. நான்தான் அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்காகவும், வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் என்னைப் போல் சிறு கடை வைத்திருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஆடியில் எங்களுக்கு வேலை குறைவு. கல்யாண ரவிக்கைகள் ஆவணி முகூர்த்தத்துக்குத்தான் வரும். ஒரு மதியம் ஆரிச் சட்டத்தில் துணியைக் கட்டி வேலை செய்துகொண்டிருந்தபோது ஒரு பையன் வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு கட்டு ஸ்டிக்கர். வெயிலில் முகம் கறுத்திருந்தது. தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். “அக்கா, வேலூருக்கென்றே புதிதாக ஒரு செயலி வந்திருக்கிறது. கடைக்காரர்களுக்கு இலவசப் பக்கம்” என்றான்.

அவன் காட்டிய முதல் திரையில் கோட்டையும் அகழியும் இருந்தன. அதன் கீழே தொரப்பாடி, பாகாயம், காகிதப்பட்டறை, அலமேலுமங்காபுரம் என்று பகுதி பகுதியாகப் பெயர்கள். அந்தந்தப் பகுதிக்காரர்கள் அந்தந்தப் பக்கத்தில் பேசிக்கொள்ளலாம், வாங்கலாம், விற்கலாம் என்றான். எனக்குப் பிடித்துப்போயிற்று. இன்ஸ்டாகிராமில் படம் போட்டால் துபாயிலிருந்து பாராட்டு வருகிறது. ஆனால் ரவிக்கை தைக்க ரங்காபுரத்திலிருந்து ஒருவர் வந்தால்தானே எனக்கு வருமானம்? இப்படி ஒன்று வராதா என்று நான் எத்தனையோ நாள் நினைத்ததுண்டு.

எனக்குப் புதியது என்றால் பயமில்லை. ஆர்குட் என்ற சமூக வலைத்தளம் இருந்த காலத்தில் ஆபீசர்ஸ் லைனில் பிரவுசிங் சென்டருக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். அதை 2014 செப்டம்பரில் மூடினார்கள். அதே போன்ற கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. டிக்டாக்கில் ஆரி வேலை வீடியோ நிறையப் போட்டிருந்தேன். 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அவையும் போயின. தமிழிலேயே எழுதலாம் என்று கூ செயலியில் சேர்ந்தேன், அது 2024 ஜூலையில் நின்றது. ஒவ்வொரு முறையும் போனது என் படம், என் வீடியோ, என் நேரம். யாருக்கும் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இதையும் அப்படித்தான் எடைபோட்டேன், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்று. அந்தக் கணக்குதான் தவறிவிட்டது.

அந்தச் செயலி பிளே ஸ்டோரில் இல்லை. “இன்னும் பத்து நாளில் வந்துவிடும், அக்கா. இப்போது சேர்ந்தால்தான் இலவசம்” என்று வாட்ஸ்அப்பில் ஓர் இணைப்பை அனுப்பினான். தொட்டதும், இது தெரியாத இடத்திலிருந்து வருகிறது, போனுக்குத் தீங்கு நேரலாம் என்று போனே எச்சரித்தது. நான் தயங்கினேன். “எல்லாப் புதுச் செயலிக்கும் இப்படித்தான் வரும். கொடுங்கள், நானே போட்டுத் தருகிறேன்” என்று கையை நீட்டினான். என் வலது கையில் ஆரி ஊசி, இடது கை துணிக்கு அடியில் ஜரிகையைப் பிடித்திருந்தது. விட்டால் இழை தளர்ந்துவிடும். போனை எடுத்துக்கொள்ளச் சொல்லித் தலையை அசைத்தேன்.

அவன் விரல் போன வேகம் கண்ணிலேயே நிற்கிறது. அனுமதி, அனுமதி, அனுமதி. நான்கைந்து முறை. எதற்கு என்று கேட்டேன். “படம் போடுவதற்கு” என்றான். படத்துக்கு மட்டுமா கொடுத்தான்? என் தொடர்பு எண்கள் முழுவதற்கும், எஸ்எம்எஸ் அனுப்புவதற்கும் சேர்த்து அனுமதி கொடுத்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. பிளே ஸ்டோரில் இருக்கும் சாதாரணச் செயலிகளுக்கு எஸ்எம்எஸ் அனுப்பும் அனுமதியைக் கூகுள் எளிதில் விடுவதில்லையாம். வெளியிலிருந்து ஏற்றினால் அந்தத் தடை கிடையாது. எங்கள் தெருவில் செல்போன் பழுதுபார்க்கும் தம்பி சொன்ன விளக்கம் இது.

கடைசியாக, “கடை உண்மையானதா என்று சரிபார்க்க ஒரு ரூபாய் மட்டும்” என்றான். நான்தான் ரகசிய எண்ணைப் போட்டேன், அவன் பார்க்கவில்லை. திரையில் பெரிதாக ஒரு ரூபாய் என்று இருந்ததைப் பார்த்தேன். அதன் கீழே சின்ன எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. கண்ணாடிக் கதவில் ஸ்டிக்கரை ஒட்டிவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, பக்கத்து மாவு மில்லுக்குள் போனான்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். அதனால் ஊரை முன்னால் போட்டுத்தான் எண்களைச் சேமிப்பேன். அடுக்கம்பாறை நர்ஸ், அணைக்கட்டு கல்யாண வீடு, அரியூர் டீச்சர், ஊசூர் ஜரிகை, கணியம்பாடி ஹூக் பட்டன், இப்படி. அது எனக்கு மட்டுமான குறிப்பு. அளவு நோட்டில் எழுதுவது போலத்தான். அந்தச் செயலி இந்தப் பெயர்களை அப்படியே எடுத்து, முன்னால் வணக்கம் சேர்த்து, “உங்கள் தோழி உங்களுக்காக இங்கே காத்திருக்கிறார்” என்று என் எண்ணிலிருந்தே, அகர வரிசையில் அனுப்பத் தொடங்கியது. என் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு நூறு எஸ்எம்எஸ் உண்டு. முதல் நாள் நூறு. மறுநாள் நூறு.

முதல் நாள் மாலையே அடுக்கம்பாறையிலிருந்து அந்த நர்ஸ் தங்கை அழைத்தார். “நீங்கள் அனுப்பியதாயிற்றே என்று தொட்டேன், அக்கா. ஏற்றலாமா?” என்றார். சேர்ந்தவர்கள் நண்பர்களைக் கூப்பிடும் வழக்கமான அழைப்பு போலிருக்கிறது என்று நினைத்து, “நல்லதுதான், சேருங்கள்” என்றேன். இன்னும் இரண்டு பேருக்கும் அதையே சொன்னேன். அந்த மூன்று பேரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அதைச் சொன்னது நான்தானே.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. ரத்தினகிரிக்குப் போயிருந்தேன். போன் பையில் கிடந்தது. கூட்டத்தோடு நான் மலையேறிக்கொண்டிருந்த நேரத்தில் இரண்டாவது நூறும் போயிருக்கிறது. இறங்கி வந்து பார்த்தால் பதினோரு தவறிய அழைப்புகள். ஓசூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் திரும்பவும் அழைத்தார். “அப்பா என்று போட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறீர்களே, நீங்கள் யாரம்மா?” என்று கேட்டார். என் அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிறது. அந்த எண்ணை அழிக்க மனம் வராமல் வைத்திருந்தேன். அது வேறொருவர் கைக்குப் போயிருப்பது அன்றுதான் தெரிந்தது.

அடுத்த நாள் காலை கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே கொசப்பேட்டை அம்மா வந்தார். களிமண்ணில் பொம்மையும் பிள்ளையாரும் செய்கிற குடும்பம் அவர்களுடையது. விநாயகர் சதுர்த்திக்கு முன்னால் களிமண், வர்ணம், கூலி என்று கையிலிருப்பதெல்லாம் அதில் முடங்கிக் கிடக்கும். சதுர்த்தி முடிந்து காசு வந்ததும் முதல் வேலையாக என் பாக்கியைக் கொண்டுவந்து தருவார். கடை தொடங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. அந்த எண்ணை நான் “கொசப்பேட்டை பாக்கி 850” என்று சேமித்திருந்தேன், மறக்காமல் இருக்க. வந்த செய்தியை அவர் பேரன் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறான். “வணக்கம் கொசப்பேட்டை பாக்கி 850.”

அவர் சத்தம் போடவில்லை. சுருக்குப்பையை அவிழ்த்து எட்டு நூறு ரூபாய்த் தாளும் ஓர் ஐம்பதும் எடுத்து, கட்டிங் மேசை மேல் ஒவ்வொன்றாக வைத்தார். விரலிடுக்கில் காய்ந்த களிமண் இருந்தது. “எனக்குப் பெயரே இல்லையா, அம்மா?” என்று கேட்டார். நான் எவ்வளவோ சொன்னேன். செயலி என்றேன், பையன் என்றேன், நான் அனுப்பவில்லை என்றேன். “நீ எழுதி வைத்ததுதானே அது?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. தைக்கக் கொடுத்திருந்த இரண்டு துணியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்றே செல்போன் தம்பி செயலியை நீக்கிக் கொடுத்தார். வரிசை ‘ச’ வரைக்கும் வந்திருந்தது. சலவன்பேட்டையோடு நின்றது. தொரப்பாடி, பாகாயம், வேலப்பாடிக்காரர்கள் தப்பினார்கள். ஆனால் என் போனிலிருந்த 640 எண்களும், நான் வைத்த பெயர்களோடு, அந்தச் செயலியிடம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் சொன்னார். அழித்துவிடும்படி அவர்கள் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு மூன்று முறை எழுதினேன். பதில் இல்லை. பையன் கொடுத்த எண் அணைந்து கிடக்கிறது. ஸ்டிக்கரை பிளேடால் சுரண்டி எடுத்தேன். பசை மட்டும் போகவில்லை, கண்ணாடியில் ஒரு சதுரம் மங்கலாகத் தெரிகிறது.

இதோடு விட்டது என்று நினைத்தேன். எட்டாவது நாள் கணக்கில் 499 ரூபாய் குறைந்தது. ஒரு மாதம் கழித்து மறுபடியும் 499. வங்கிக்குப் போனபோதுதான் விளங்கியது. நான் ஒரு ரூபாய் கொடுத்ததாக நினைத்தது உண்மையில் மாதச் சந்தாவுக்கான தானியங்கிக் கட்டண ஒப்புதல். யுபிஐ செயலிகளில் ஆட்டோபே என்று இருக்கும். ஒரு முறை ரகசிய எண் போட்டு ஒப்புக்கொண்டுவிட்டால், 15,000 ரூபாய் வரை அடுத்தடுத்த தவணைகளுக்கு நம்மை எதுவும் கேட்காது. பணம் எடுப்பதற்கு முந்தின நாள் ஓர் அறிவிப்பு வரும். எனக்கும் வந்திருக்கிறது, விளம்பரம் என்று தள்ளிவிட்டிருக்கிறேன். செயலியை நீக்கினாலும் அந்த ஒப்புதல் சாகாது. யுபிஐ செயலிக்குள் போய் ஆட்டோபே பகுதியில் நாமே ரத்து செய்ய வேண்டும். தயவுசெய்து இதைப் படித்ததும் ஒரு முறை உங்களுடையதைத் திறந்து பாருங்கள். எங்கள் தெருவில் அந்த ஸ்டிக்கர் ஒட்டியிருந்த மற்ற கடைகளுக்கும் போய்ச் சொன்னேன். மாவு மில் அண்ணனுக்கும் இரண்டு தவணை போயிருந்தது. அவர் பார்க்கவே இல்லை.

ரகசிய எண்ணை நானே போட்டதால் தங்களால் திருப்பித்தர முடியாது என்று வங்கியில் சொன்னார்கள். 1930-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்திருக்கிறேன். இணையவழிப் பண மோசடிக்கு அந்த எண்தான், எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவு நல்லது. நான் முதல் தவணை போன அன்றே அழைத்திருக்க வேண்டும். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பேசினேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே 13 வகை ஏமாற்று உத்திகளுக்குத் தடை விதித்திருக்கிறது, இப்படிச் சந்தாவில் சிக்கவைப்பதும் அதில் ஒன்று என்று சொல்லிப் புகாரை எழுதிக்கொண்டார். பணம் இன்னும் வரவில்லை.

புதுச் செயலி எதையும் ஏற்றாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நாளைக்கே ஒழுங்கான ஒன்று நம் ஊருக்கென்று வந்தால் நானும் சேருவேன். ஆனால் பிளே ஸ்டோரில் இல்லாததை இணைப்பு வழியாக ஏற்றாதீர்கள். அவசரமாக வேலை செய்துகொண்டிருக்கும்போது ஏற்றாதீர்கள். தொடர்பு எண்களைக் கேட்டால் மறுத்துவிடுங்கள், மறுத்தால் வேலை செய்யாது என்று சொல்லும் செயலியை அங்கேயே விட்டுவிடுங்கள். என் படங்களைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. கொசப்பேட்டை அம்மாவின் எண்ணைக் கொடுக்க எனக்கு என்ன உரிமை? அவர் தைக்கக் கொடுத்தாரே தவிர, ஊர் முழுக்கக் கொடுக்கவா கொடுத்தார்?

சதுர்த்தி வந்து போய்விட்டது. அவர் வரவில்லை. அவருடைய அளவு ரவிக்கை, பச்சை நிறம், கழுத்தோரம் வெளுத்தது, என்னிடமே இருக்கிறது. இரண்டு முறை கொசப்பேட்டைக்குப் போனேன். முதல் முறை வீட்டில் இல்லை. இரண்டாம் முறை இருந்தார். தண்ணீர் கொடுத்தார், உட்காரச் சொன்னார், வேறு எதுவும் பேசவில்லை. ஐப்பசியில் மறுபடியும் போவேன்.

ஆடி மாதத்தில் என் எண்ணிலிருந்து அப்படி ஒரு செய்தி உங்களுக்கு வந்திருந்தால் அதிலுள்ள இணைப்பைத் தொடாதீர்கள், அழித்துவிடுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் செயலியை நீக்கிவிட்டு ஆட்டோபேயையும் பாருங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். காலை பத்து மணியிலிருந்து இரவு எட்டு வரை இருப்பேன். செல்போன் தம்பியும் பக்கத்திலேயே இருக்கிறார், சேர்ந்து பார்த்துவிடலாம்.