காசிக்கு டிக்கெட் போட இருப்பவர்கள் வாசியுங்கள்: 184,000 ரூபாய் போய்விட்டது

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் நானும் மற்றவர்களைப் போல "போனது போகட்டும்" என்று இருந்துவிடுவேன். கொழும்பிலிருந்து சென்னை போய், அங்கிருந்து இந்திய உள்நாட்டு விமானத்தில் காசி, டெல்லி, ஷீரடி என்று போகிற நம் ஆட்கள் எல்லோரும் வாசியுங்கள். எனக்குப் போனது 184,000 இலங்கை ரூபாய். என்ன நடந்தது, இனிப் போகிறவர்கள் என்ன செய்ய வேண்டும், இரண்டையும் விவரமாகச் சொல்கிறேன்.

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்ததிலிருந்து அம்மாவுக்கு ஒரே நினைப்பு, காசிக்குப் போய்க் கங்கைக் கரையில் பிண்டம் வைக்க வேண்டும் என்று. அம்மா, மனைவி, நான் என்று மூன்று பேர். டிக்கெட் போட்டது வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள ட்ராவல்ஸில். பெயர் போடவில்லை. முறைப்பாடு நடக்கும்போது பெயர் போட்டு எழுத வேண்டாம் என்று தெரிந்த சட்டத்தரணி ஒருவர் சொல்லியிருக்கிறார். அந்த இந்திய விமான நிறுவனத்தின் பெயரும் அதனால்தான் இங்கே இல்லை. மலிவுக் கட்டண நிறுவனம், அவ்வளவுதான்.

அந்த ட்ராவல்ஸ்காரர் கதைத்த விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். உள்ளே போனதும் காசைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்கு எத்தனை வயது, முழங்கால் வருத்தம் இருக்கிறதா, சீனி இருக்கிறதா என்றுதான் கேட்டார். "என்ர அம்மாவையும் போன வருஷம் இதே ஃப்ளைட்டிலதான் அனுப்பினனான் அண்ணை" என்றார். சென்னையில் இறங்கி அடுத்த விமானத்துக்கு எவ்வளவு நேரம் இருக்கும் என்று கேட்டேன். ஒரு தாளை எடுத்துப் பேனையால் கோடு போட்டுக் காட்டினார்: காலை பத்தேகாலுக்குச் சென்னை, பிற்பகல் இரண்டரைக்கு அடுத்த விமானம், பெங்களூரில் மாறி இரவு வாரணாசி. "நாலு மணித்தியாலம் கிடக்கு. ஆறுதலாச் சாப்பிட்டுப் போகலாம். ஒண்டுக்கும் யோசிக்காதீங்கோ, நான் இருக்கிறன்." டிக்கெட்டை அச்சடித்து, பச்சை நிற பிளாஸ்டிக் ஃபைலில் போட்டு, அதை என்னிடம் தராமல் எழுந்து போய் அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு நினைவுக்கு வரும்போதுதான் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

காசு கையில் கொடுத்தேன். கார்ட் எடுப்பதில்லையாம், "மெஷின் பிழை". பில்லில் ஒரே வரி: காசி பயணம், மூன்று பேர். எந்த டிக்கெட்டுக்கு எவ்வளவு என்று ஒன்றும் இல்லை.

சென்னைக்கு நேரத்துக்குத்தான் இறங்கினோம். இமிகிரேஷன் முடிந்து, பைகளை எடுத்துக்கொண்டு, உள்நாட்டு முனையத்துக்கு வந்தோம். அம்மாவுக்கு வீல்செயர் கிடைத்திருந்தது. கவுண்டரில் இருந்த தம்பி எங்கள் தாளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார், திரும்பவும் தாளைப் பார்த்தார். "சார், உங்க ஃப்ளைட் பதினொன்னு நாப்பதுக்கு. கவுண்டர் க்ளோஸ் ஆயிடுச்சு."

அப்போது நேரம் பதினொன்றைத் தாண்டியிருந்தது. இந்தியாவில் உள்நாட்டு விமானத்துக்குப் புறப்பட ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே கவுண்டரை மூடிவிடுவார்கள். நாங்கள் பைக்காகக் காத்து நின்ற நேரத்திலேயே எங்களுக்கு அது மூடிவிட்டது. இரண்டரை மணி விமானத்தை மூன்று மணித்தியாலம் முன்னுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள், எங்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. "எஸ்எம்எஸ் அனுப்பியிருக்கோம் சார்" என்றார். எந்த நம்பருக்கு என்று கேட்டேன். திரையைத் திருப்பிக் காட்டினார். 91 இல் தொடங்கும் ஓர் இந்திய நம்பர். எங்கள் யாருடையதும் இல்லை. ட்ராவல்ஸ்காரருடையதும் இல்லை! அவர் சென்னையில் உள்ள இன்னொரு ஏஜெண்டிடம் வாங்கி எங்களுக்கு விற்றிருக்கிறார். அந்த ஏஜெண்டின் நம்பர்தான் அது.

இதற்கிடையில் வீல்செயர் தள்ளிவந்த பையன் வந்து, போடிங் பாஸ் இல்லாமல் நாற்காலியை வைத்திருக்க முடியாது, அடுத்த பயணிக்கு வேண்டும் என்றான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு மேலே யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா எழுந்தார். பக்கத்தில் இருக்கைகள் எல்லாம் நிறைந்திருந்தன. பை தள்ளும் வண்டியின் முன் ஓரத்தில், சூட்கேஸில் முதுகைச் சாய்த்து, அந்தப் பச்சை ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுபத்தாறு வயது மனுஷி. கவுண்டரில் மூன்று பேர் நின்றார்கள், ஒருவர்கூட ஒரு கதிரை எடுத்துத் தரவில்லை.

அடுத்த விமானத்தில் ஏற்றிவிடச் சொல்லிக் கேட்டோம். "நீங்கள்தான் வரவில்லை, நோ ஷோ" என்று எழுதிவிட்டார்கள். வரி தவிர ஒரு சதமும் திரும்பாது, அந்த வரியும் ஏஜெண்ட் மூலம்தானாம். அன்றிரவு சென்னையில் ஹோட்டல். மறுநாள் வேறொரு நிறுவனத்தில் டெல்லி வழியாகப் புது டிக்கெட், கடைசி நேர விலைக்கு. ஹோட்டலும் புது டிக்கெட்டும் சேர்த்து 184,000 ரூபாய். முதல் டிக்கெட்டுக்குக் கொடுத்த காசை இதில் சேர்க்கவில்லை, பில்லில் அது எவ்வளவு என்று இருந்தால்தானே சேர்ப்பதற்கு.

வெளிநாட்டு விமானங்களில் வந்துபோனவர்களுக்கு நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்று விளங்கும். முன்பு ஒருமுறை தங்கச்சியிடம் ஜெர்மனிக்குப் போகையில் கட்டுநாயக்காவில் வளைகுடா விமானம் ஒன்று தாமதமாகி, இடையில் மாற வேண்டிய விமானம் போய்விட்டது. இறங்கும் வாசலிலேயே பெயர் எழுதிய தாளோடு ஒரு பெண் நின்றாள். புது போடிங் பாஸ், ஹோட்டல் சீட்டு, சாப்பாட்டுக் கூப்பன், எல்லாம் கையில். வீல்செயர் ஹோட்டல் வாகனம்வரை வந்தது. நாங்கள் வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்ததால் அது அவர்களின் பொறுப்பு, சரி. ஆனால் அந்த மரியாதையை விதியா செய்தது?

விதியையும் பார்ப்போம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2004 ஆம் ஆண்டின் 261 ஆம் இலக்க விதிப்படி, கடைசி நேரத்தில் விமானத்தை ரத்துச் செய்தால் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோவரை நட்டஈடு. ஏஜெண்டுக்குச் சொன்னோம், பயணிக்கு அவர் சொல்லவில்லை என்று விமான நிறுவனம் தப்ப முடியாது என்று 2017 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் அதுவும் ரத்துத்தான் என்று 2021 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொன்னது. அப்படியே என் கதை! இந்தியாவிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி இருக்கிறது. சொல்லாமல் ரத்துச் செய்தால் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500, 10,000 இந்திய ரூபாய்வரை. ஆனால் சரியான தொடர்பு விவரம் கொடுக்காத பயணிக்கு அந்த நட்டஈடு கிடையாது என்று அதிலேயே ஒரு வரி. எங்கள் தொடர்பு விவரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தன் நம்பரைப் போட்டவன் ஏஜெண்ட். பலன் விமான நிறுவனத்துக்கு.

இந்திய உள்நாட்டு விமானங்கள் எப்போதும் இப்படி இருக்கவில்லை. ஜெட் ஏர்வேஸ் ஓடிய காலத்தில் ஒன்றரை மணித்தியாலப் பயணத்துக்கும் தட்டில் சூடாகச் சாப்பாடு வரும். 2012 இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் நின்றது, 2023 மே மாதம் கோ ஃபர்ஸ்ட் நின்றது, 2024 நவம்பரில் விஸ்தாரா ஏர் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. ஆட்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், தெரிவு குறைந்துகொண்டே போகிறது. பிறகு ஏன் கவனிக்கப் போகிறார்கள்? இப்போது கட்டணத்தில் 15 கிலோ பை, அதற்கு மேல் ஒவ்வொரு கிலோவுக்கும் காசு. குடும்பமாகப் பக்கத்தில் இருக்க வேண்டுமென்றால் சீட்டுக்குக் காசு. கொழும்பு–சென்னை விமானத்தில் தாராளமாக ஏற்றிய பைக்குச் சென்னையில் தராசு வைக்கிறார்கள். கேட்டால் சிரிப்பு இல்லை, பதிலும் இல்லை, திரையைப் பார்த்தபடியே "அடுத்தவங்க வாங்க".

திரும்பி வந்த பிறகு நடந்ததுதான் இன்னும் மோசம். விமான நிறுவனத்தின் வாட்ஸ்அப்பில் எழுதினால் இயந்திரம் பதில் சொல்கிறது. மனிதரைப் பிடித்தால் "உங்கள் டிராவல் ஏஜெண்டைத் தொடர்புகொள்ளவும்". மின்னஞ்சலுக்கு ஒரு முறைப்பாட்டு இலக்கமும் "ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு வரியும். ரத்து இல்லை, நேர மாற்றம்தான் என்பதே அவர்களின் கடைசி வார்த்தை.

வெள்ளவத்தைக்குப் போனேன். முதலில் தேத்தண்ணி. "அச்சச்சோ, அம்மாவுக்கு எப்பிடி அண்ணை?" என்று அதே குரல். "நான் எயார்லைனோட கதைக்கிறன், ஒரு மெயில் மட்டும் போடுங்கோ." போட்டேன். அடுத்த தடவை, "சென்னைப் பெடியனிட்டக் கேட்டிருக்கு." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீலக் கோடு விழும், பதில் வராது. கடைசியாகப் போனபோது ஆள் இல்லை, கோயிலுக்குப் போய்விட்டாராம். அங்கே வேலை செய்யும் பிள்ளைதான் தெரியாத்தனமாகச் சொன்னாள், நேரம் மாறிய செய்தி சென்னையிலிருந்து இவர்களுக்கு முதல் நாளே வந்திருந்ததாம். "நீங்க பாத்திருப்பீங்க எண்டு நினைச்சம்" என்றாள். எங்கே பார்ப்பது? பச்சை ஃபைலிலா? அதில் இரண்டரை என்றுதானே அச்சடித்துத் தந்தீர்கள்!

ஒரு நண்பர் சொல்கிறார், விமான நேரத்தை நாமே இணையத்தில் பார்க்க வேண்டுமாம். அப்படியானால் ட்ராவல்ஸ்காரருக்குக் காசு எதற்கு? 184,000 ரூபாய்க்கு இந்தப் புத்திமதி கொஞ்சம் விலை கூட.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எழுதியதிலேயே பாதி இரவு போய்விட்டது. அவசரமாகச் சிலது. டிக்கெட் போடும்போது உங்கள் சொந்த நம்பரும் மின்னஞ்சலும் விமான நிறுவனத்தின் பதிவில் இருக்கிறதா என்று அங்கேயே, காசு கொடுக்க முன், திரையில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். காசாகக் கொடுக்க வேண்டாம், கார்டில் கொடுத்தால் வங்கியிடமாவது போய் நிற்கலாம். ஒவ்வொரு டிக்கெட்டின் விலையையும் பில்லில் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். முடிந்தால் கொழும்பிலிருந்து கடைசி ஊர்வரை ஒரே டிக்கெட், கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வயதானவர்களோடு போனால் சென்னையில் ஓர் இரவு தங்குவதாகவே திட்டம் போடுங்கள். பை உடைந்தாலோ வராவிட்டாலோ விமான நிலையத்தை விட்டு வெளியே வர முன் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். சர்வதேசப் பயணமென்றால் மொன்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்துக்கு 7 நாள், தாமதத்துக்கு 21 நாள்தான் அவகாசம்.

ட்ராவல்ஸ்காரர்மீது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையில் கொடுத்திருக்கிறேன், அவர்களின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தால் எப்படி முறைப்பாடு செய்வது என்று சொல்கிறார்கள். விமான நிறுவனத்துக்கு இந்திய அரசின் ஏர்சேவா தளத்தில் போட்டிருக்கிறேன், "நிறுவனத்துக்கு அனுப்பப்பட்டது" என்று நிற்கிறது. கடையின் பெயரை இன்பாக்ஸில் கேட்க வேண்டாம், சொல்ல மாட்டேன். ஆடி அமாவாசைக்குக் காசி போக டிக்கெட் எடுத்து வைத்திருப்பவர்கள், ஃபைலில் உள்ள தாளை நம்பாமல், பதிவு இலக்கத்தை விமான நிறுவனத்தின் தளத்தில் போட்டு இன்றைக்கே நேரத்தைப் பாருங்கள். புறப்பட முதல் நாள் இரவு இன்னொரு தடவை பாருங்கள்.