சோபாவில் சாம்பார்: சோப்பா, ஸ்பிரிட்டா, பிளீச்சா?

சாம்பாரில் பருப்பும் புளியும் எளிதில் போய்விடும். அடம்பிடிப்பது மஞ்சள்தான். அதன் நிறமியான குர்குமின் தண்ணீரில் கரையாது. எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும், வெயிலில் வெளிறும், காரத்தன்மையுள்ள சோப்பு, சுண்ணாம்பு போன்றவை பட்டால் சிவக்கும். எந்தப் பொருள் வேலை செய்யும், எது செய்யாது என்பதெல்லாம் இதற்குள்ளேயே இருக்கிறது.

எதைப் போடுவதற்கும் முன்னால் ஒரு வேலை. கொட்டியதைக் கரண்டி விளிம்பால் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வழித்தெடுங்கள். பிறகு உலர்ந்த துணியால் ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் கறை அகலமாகும், நூலுக்குள்ளும் இறங்கும். எண்ணெய்ப் பசைக்குச் சோளமாவோ முகப் பவுடரோ தூவி இருபது நிமிடம் விட்டு உதறினால் பாதிச் சுமை குறையும். வெந்நீர் வேண்டாம்.

பாத்திரம் கழுவும் திரவம்: ஒரு டம்ளர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் போதும். எண்ணெயை நன்றாக எடுக்கும், மஞ்சளை அதிகம் அசைக்காது. கொஞ்சம் காரத்தன்மையுள்ள சோப்பாக இருந்தால் கறை சட்டென்று செந்நிறமாகும். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு கலந்ததும் ஆரத்தி சிவக்கிறதே, அதே சங்கதிதான். பயப்பட வேண்டாம், கறை கூடிவிடவில்லை. எலுமிச்சையோ வினிகரோ விட்டால் மறுபடி மஞ்சளாகும். அதைக் கறை போனதாக நினைத்து ஏமாறுபவர்கள் உண்டு. நிறம்தான் மாறியிருக்கும், நிறமி அங்கேயேதான் இருக்கும்.

ஸ்பிரிட்: துணி சோபாவுக்கு எங்கள் முதல் ஓட்டு இதற்குத்தான். மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட், அல்லது தண்ணீர் போன்ற சானிடைசர். ஜெல் வகை பிசுபிசுப்பை விட்டுச் செல்லும். வெள்ளைத் துணியை நனைத்து ஒற்றினால் மஞ்சள் அந்தத் துணிக்கு ஏறுவது கண்ணுக்குத் தெரியும். ஏறியதும் துணியைத் திருப்பிச் சுத்தமான பகுதியால் ஒற்றுங்கள். இல்லையென்றால் எடுத்த மஞ்சளையே திரும்பப் பூசுகிறீர்கள். முதலில் சோபாவின் அடிப்பக்கத்தில் சாயம் போகிறதா என்று பாருங்கள். பாலிஷ் போட்ட மரக் கைப்பிடியில் பட்டால் பிரெஞ்சு பாலிஷ் கரைந்துவிடும். அடுப்பும் ஊதுபத்தியும் அணைந்திருக்கட்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு: ஸ்பிரிட்டுக்குப் பிறகும் மிஞ்சும் வெளிர் மஞ்சளுக்கு. 6% பாட்டிலென்றால் சம அளவு தண்ணீர் கலந்து 3% ஆக்கி, கால் மணி நேரம் விட்டு ஈரத்துணியால் துடைக்கவும். வெளிர் நிறத் துணிக்கு மட்டும். அடர் நிறம் திட்டுத்திட்டாக வெளுத்துவிடும்.

பிளீச்: மஞ்சளை நொடியில் அழிக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பட்டு, கம்பளி, நைலானைக் கெடுக்கும். சோபாவின் ஃபோமுக்குள் இறங்கினால் அலசி வெளியேற்றவும் முடியாது. கழற்றித் துவைக்கக்கூடிய வெள்ளைப் பருத்தி உறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வினிகர், கழிவறை ஆசிட் இரண்டில் எதனோடும் சேர்க்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். கழற்ற முடிகிற உறையென்றால் பிளீச்சும் தேவையில்லை. துவைத்து ஈரத்தோடு உச்சி வெயிலில் கறைப் பக்கம் மேலே தெரியும்படி போடுங்கள். காசில்லாத வைத்தியம்.

தரைக்கு வந்தால் கணக்கு வேறு. விட்ரிஃபைட் டைல் ஏறக்குறைய எதையும் உறிஞ்சாது, சோப்புத் துணியே போதும். நிறம் பிடிப்பது டைல் இடுக்குச் சிமெண்ட்தான். 3% பெராக்சைடில் சமையல் சோடாவைக் குழைத்து அப்பி, கால் மணி கழித்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். சோடாவையும் வினிகரையும் பொங்கப் பொங்கக் கலப்பது பார்க்க அழகு, அவ்வளவுதான். இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர்.

மார்பிளிலும் மொசைக்கிலும் வினிகர், எலுமிச்சை இரண்டையும் தொடாதீர்கள். மார்பிள் கால்சியம் கார்பனேட் என்பதால் அமிலம் அதன் மேற்பரப்பை அரித்துவிடும். நேராகப் பார்த்தால் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளபளப்புக்கு நடுவே மங்கலாக ஒரு வட்டம் தெரியும். அது கறையல்ல, அரிப்பு. மறுபாலிஷ் போட்டால்தான் சரியாகும். வெளிர் மார்பிளில் மஞ்சள் ஊறியிருந்தால் மைதாவைப் பெராக்சைடில் கெட்டியாகக் குழைத்து அரை சென்டிமீட்டர் கனத்துக்கு அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துக் காயவிட்டு, பிளாஸ்டிக் கரண்டியால் வழிக்கவும். ஒரு தடவையில் போகாவிட்டால் இன்னொரு தடவை.

சோபாவில் எதைப் பயன்படுத்தினாலும் கடைசியில் மெத்தையைக் கழற்றிச் செங்குத்தாக நிறுத்தி, ஃபேன் காற்றில் உள்வரை உலர்த்துங்கள். ஈர ஃபோமின் பூஞ்சை வாடை மஞ்சளைவிடப் பிடிவாதமானது.