லோங்சுவானில் 'மாஸ்டர் கைவேலை' செலடான் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

சீனாவில் வேலை, வியாபாரம் என்று இருக்கிற நம்மவர்கள் ஊருக்கு வரும்போது செலடான், அதாவது கண்ணாடி போன்ற பச்சை மெருகு பூசிச் சுட்ட பீங்கான் கோப்பை வாங்கி வருவது இப்போது அதிகமாகிவிட்டது. அதிலும் விரிசல் ஓடிய பச்சைப் பீங்கானுக்குத் தனி மவுசு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

செஜியாங் மாகாணத்தில் லோங்சுவான் ஊரிலேயே, பார்க்க மிக கௌரவமாக இருந்த ஒரு கடையில் மூடி போட்ட தேநீர்க் கிண்ணம் ஒன்றும் கோப்பைகள் இரண்டும் வாங்கினேன். 3,600 யுவான். 'மாகாண அரசின் பட்டம் பெற்ற மாஸ்டர் தன் கையாலேயே சக்கரத்தில் வனைந்தது' என்று சொல்லித்தான் விற்றார்கள். மூன்றும் அச்சில் வார்த்தவை. அதே சாமான், அதே புகைப்படத்தோடு, ஒரு மொத்த விலைத் தளத்தில் செட் 68 யுவானுக்குக் கிடக்கிறது. இந்தப் பீங்கானுக்குப் பேர்போன ஊரிலேயே வாங்கினால் போலி வராது என்பதெல்லாம் சும்மா.

கடைக்காரர் சொன்ன கதையில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. லோங்சுவானில் இரண்டு வழி உண்டு. விரிசலே இல்லாமல் மெருகு கனமாக நிற்கும் பச்சை, 'தம்பி சூளை'. மெருகு முழுக்க விரிசல் பின்னிக் கிடப்பது, 'அண்ணன் சூளை'. சோங் அரச வம்சக் காலத்துச் (சுமார் 10–13ஆம் நூற்றாண்டு) சாங் குடும்பத்து அண்ணன் தம்பி இருவர் நடத்திய சூளைகள் என்று வழிவழியாகச் சொல்வார்கள். தம்பி பொறாமையில் கெடுக்கப் பார்த்ததால்தான் அண்ணனின் பானைகளில் விரிசல் விழுந்ததாம். அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய அண்ணன் சூளைப் பாண்டங்கள் எங்கே சுடப்பட்டவை என்றே ஆராய்ச்சியாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். கடைக்காரரோ தன் சாமான் 'அதே சோங் காலத்துக் கலவை' என்று அடித்துச் சொன்னார்.

உண்மையில் நடப்பது இதுதான். சூளை ஆறும்போது களிமண் உடம்பைவிட மேலே உள்ள மெருகு கூடுதலாகச் சுருங்குகிறது. இழுவை தாங்காமல் மெருகு பிளக்கிறது. வெளியே எடுத்து வைத்த பிறகும் 'டிங், டிங்' என்று சத்தம் வந்துகொண்டே இருக்கும். முதலில் விழுந்த பெரிய கோடுகள் கருப்பாகவும் பின்னால் விழுந்த பொடிக் கோடுகள் பொன்பழுப்பாகவும் இருந்தால் அதற்குப் 'பொன் இழை, இரும்புக் கம்பி' என்று பெயர். கோட்டில் மையோ தேநீர்ச் சாயமோ ஏற்றுவது மோசடி இல்லை, நல்ல கைகாரர்களும் செய்வதுதான். மண்ணில் இரும்பு அதிகம் என்பதால், மெருகு மெலிந்த விளிம்பு ஊதாப் பழுப்பாகவும், மெருகு பூசாத அடிவளையம் இரும்புக் கருப்பாகவும் வரும். 'ஊதா வாய், இரும்புக் கால்' என்பார்கள்.

என் கோப்பைகளுக்கும் இரும்புக் கால் இருந்தது. வீட்டில் கத்தி முனையால் லேசாகச் சுரண்டினேன். பழுப்புப் பூச்சு உரிந்து உள்ளே வெள்ளை மண் பல் இளித்தது. கால் மட்டும் தனியாகப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்! வெந்நீர் ஊற்றி வெள்ளைத் துணியால் துடைத்தால் சாம்பல் கறை, கூடவே மை வாடை. இரவு தண்ணீர் நிரப்பி வைத்தால் காலையில் மேஜையில் ஈர வட்டம். உரிய சூட்டில் வெந்து இறுகிய உடம்பு, மேலே மெருகில் எத்தனை விரிசல் இருந்தாலும் தண்ணீரைக் கசியவிடாது. இது அரைவேக்காடு.

கையெழுத்துதான் உச்சம். அடியில் மாஸ்டர் 'ஈர மண்ணில் கையால் கீறிய' பெயர். இரண்டு கோப்பைகளையும் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்தேன். கடைசி எழுத்தின் வாலில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி சின்ன உடைசல். கையால் எழுதினால் இரண்டு தடவை அப்படி அமையாது, அச்சில் இருக்கிற பழுது அது. அப்புறம் ஹாலோகிராம் ஒட்டிய சான்றிதழ், வரிசை எண், மாஸ்டர் சிரிக்கும் படம் எல்லாம் இருந்தன. அந்த மாஸ்டரின் பட்டறைக்குப் படம் அனுப்பிக் கேட்டதும் 'எங்களுடையது இல்லை' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

'மாஸ்டர்' என்ற பட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அரசு தரும் பட்டங்கள் தேசிய அளவில் ஒன்று, மாகாண அளவில் ஒன்று, அதற்குக் கீழே நகர அளவில். தனியார் சங்கங்கள் காசு வாங்கிக்கொண்டு தரும் பட்டங்கள் வேறு. 1957இல் அரசு முயன்று லோங்சுவான் சூளைகளை மறுபடி உயிர்ப்பித்த காலத்தில் சிறுவனாகத் தொழிலுக்கு வந்தவர், தேசிய மாஸ்டர் பட்டம் பெற்ற ஷூ சாவ்ஷிங். அந்தத் தலைமுறை கொடுத்த உழைப்புதான் 2009இல் இந்தச் சுடும் முறையை யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றியது. அவர்களுடைய பெயரின் பளபளப்பில்தான் இந்த ஆட்கள் வயிறு வளர்க்கிறார்கள். (பழைய லோங்சுவான் பாண்டங்களின் உடைந்த ஓட்டுத்துண்டுகள் நம் ராமநாதபுரம் பெரியபட்டினத்திலும் கிடைத்திருக்கின்றன. கடைக்காரருக்கு அது தெரியாது, தெரிந்திருந்தால் அதற்கும் ஒரு ஐந்நூறு யுவான் போட்டிருப்பார்.)

திருப்பிக் கேட்டதற்கு முதலில் 'கைவேலை என்றால் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும்' என்றார்கள். பிறகு பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். பிறகு வீசாட் செயலியில் பதிலே இல்லை. ஆன்லைனில் வாங்கியிருந்தால் காரணம் சொல்லாமலே 7 நாளில் திருப்பலாம், கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த வசதி கிடையாது. ஆனால் சீன நுகர்வோர் சட்டத்தின் 55ஆவது பிரிவு இருக்கிறது: ஏமாற்றி விற்றதாக நிரூபணமானால் விலையைத் திருப்பித் தருவதோடு விலையைப்போல் மூன்று மடங்கு இழப்பீடும் தர வேண்டும். சீனாவின் நுகர்வோர் புகார் எண்ணான 12315க்குப் புகார் கொடுத்தேன்.

அங்கே முதலில் கேட்டது ரசீதை. ரசீதில் மாஸ்டர் பெயர் இல்லை, 'கைவினைப் பொருள், 1 செட்' என்று மட்டும் இருந்தது. வேண்டுமென்றே அப்படி எழுதுகிறார்கள். சான்றிதழைக் கடைக்காரர்கள் 'அது பெட்டியோடு வந்தது, நாங்கள் அச்சடிக்கவில்லை' என்று கைகழுவினார்கள். விற்பதற்கு முன் வீசாட்டில் கடையில் விற்ற பெண் 'மாஸ்டர் தானே கையால் வனைந்தது' என்று தட்டச்சு செய்து அனுப்பியிருந்த ஒரு வரிதான் எனக்குக் கைகொடுத்தது. 3,600 யுவானும் திரும்பி வந்தது. மூன்று மடங்குக்குச் சமரசத்தில் ஒத்துக்கொள்ளவில்லை, வேண்டுமானால் கோர்ட்டுக்குப் போ என்றார்கள். போகவில்லை.

வாங்குவதாக இருந்தால் மாஸ்டர் பெயர், 'கையால் வனைந்தது' என்ற சொல், இரண்டையும் ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அடுத்த கடை பாருங்கள்.