கால்வலி என்று போனோம், அடையாறு வரை வந்தோம்

கோடை லீவுக்கு டொரண்டோவிலிருந்து பட்டுக்கோட்டை போயிருந்தபோது, அக்கா மகன் நொண்டிக்கொண்டிருந்தான். 14 வயது. ஃபுட்பாலில் அடிபட்டது என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைத்தார்கள். முழங்காலுக்கு மேலே வீக்கம், விட்டுவிட்டுக் காய்ச்சல், ராத்திரியானால் வலி தாங்காமல் அழுகை. எண்ணெய் போட்டு நீவியும் பார்த்தாயிற்று. ஒரு தனியார் மருத்துவமனையில் எலும்பில் சீழ் என்று சொல்லி, கீறிச் சுத்தம் செய்ய நாளும் குறித்துவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. கூட எடுக்கவில்லை. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

எங்கள் குடும்ப டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தொடை எலும்பை ஒட்டி, வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காக மெல்லிய கோடுகள். "யாரையும் கத்தி வைக்க விடாதீங்கம்மா. நேரா அடையாறு போங்க" என்றார்.

1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை அது. காலையிலேயே கூட்டம் நெரிகிறது, பொறுமை வேண்டும். ஆனால் முறை தவறவில்லை. முதலில் எம்.ஆர்.ஐ., அதன் பிறகுதான் ஊசி பயாப்சி, அதாவது கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பது. பின்னால் ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டர்தான் ஊசி எங்கே இறங்க வேண்டும் என்று குறிக்கிறார். ஊசி போன வழியிலும் புற்றணுக்கள் தங்கலாம் என்பதால், கட்டியோடு அந்த வழியையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். கண்ட இடத்தில் கீறினால் காலைக் காப்பாற்றுவதே கஷ்டமாகிவிடும்.

முடிவு: ஈவிங் சர்கோமா. 1921இல் ஜேம்ஸ் ஈவிங் என்ற டாக்டர் விவரித்த ஒரு வகைப் புற்றுநோய். பெரும்பாலும் 10 முதல் 20 வயதுக்குள் எலும்பில் வரும். சிலருக்குத் தசை போன்ற மென்திசுக்களில். 11ஆம், 22ஆம் குரோமோசோம்களின் துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்வதால் பெரும்பாலும் வருகிறது. "நான் என்ன பாவம் செஞ்சேன்" என்று அழுத அக்காவிடம், இது பரம்பரையாக வருவதில்லை, அடிபட்டதாலும் வரவில்லை என்று டாக்டர் நிதானமாகச் சொன்னார். பரவாத நிலையில் வருபவர்களில் பாதிக்கு மேல் பிழைக்கிறார்கள். கட்டி ஒரே இடத்தில் இருந்தாலும் கீமோ கட்டாயம். பிறகு ஆபரேஷனோ ரேடியேஷனோ.

செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். சான்றிதழுக்குத்தான் இழுத்தடிக்கும், ஊரை விட்டுக் கிளம்பும் முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.